குமிழிக் கணக்குப் போட்டவளுக்கு

புதுக் கணினிகள் வந்து இறங்கியிருக்கின்றன. அட்டைப்பெட்டிகளைப் பிரித்த வாசம் அறையை விட்டு இன்னும் போகவில்லை. இன்று காலை சோதனைக்காக உன் நிரலை அவற்றில் ஓட்டிப் பார்த்தோம். கறுப்புத் திரையில் முதல் வரியாக, நீ ஆங்கில எழுத்துகளில் எழுதி வைத்தது வந்து நின்றது: ‘சாப்டியா? இருட்டப் போவுது.’ பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆராய்ச்சி மாணவி புதிதாகச் சேர்ந்தவள், ஒடிசாக்காரி. ஏதோ பிழைச் செய்தி என்று நினைத்துக்கொண்டு, எடுத்துவிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றுகொண்டேன். கணக்கு ஓடத் தொடங்கியதும் இயந்திரங்களின் விசிறிச் சத்தம் எழும்பியது. ஒரு காலத்தில் நீ உள்ளே இருக்கிறாய் என்பதற்கு அந்தச் சத்தம்தான் அடையாளம். கதவைத் திறக்காமல் வராந்தாவிலிருந்தே தெரிந்துகொள்வேன். இன்றும் ஒரு கணம் அப்படித்தான் தெரிந்தது.

அந்த வரி எனக்காக எழுதியது. மேல்சித்தாமூரில் எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்தபின் சாப்பிடும் வழக்கமில்லை. சமணக் குடும்பம், விளக்கு வைப்பதற்குள் பாத்திரம் கழுவியாகிவிடும். வேலைக்கு வந்த பிறகும் நான் அதை விடவில்லை. ஆனால் மின்னணு நுண்ணோக்கி இருக்கும் அறைக்கு ஜன்னல் கிடையாது. உள்ளே போய்விட்டால் வெளியே வெயிலா மழையா என்று தெரியாது. வேலை முடித்து வரும்போது சவுக்குத் தோப்புக்கு மேலே இருட்டியிருக்கும், அன்றைக்குப் பட்டினிதான். நீ முதலில் போன் செய்து பார்த்தாய். நான் எடுப்பதில்லை. மாலையில் நான் தவறாமல் திறந்து பார்ப்பது உன் கணக்கின் முடிவுகளைத்தான் என்று தெரிந்துகொண்டு, அதன் தலையிலேயே இந்த வரியைப் போட்டுவிட்டாய். நீ போன பிறகும் அது கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது. யார் ஓட்டினாலும் கேட்கிறது. விடுமுறையில் தானாக ஓடி முடிந்த கணக்கை மறுபடி வேலைக்கு வந்து திறந்தால், ஆளில்லாத அறையைப் பார்த்தும் அது கேட்டிருக்கும்.

நாம் பழகியது கல்லூரிக்குப் போகும் செஞ்சி–திண்டிவனம் பஸ்ஸில். நீ செஞ்சி பஸ் ஸ்டாண்டிலேயே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவாய். நான் எங்கள் ஊர்க் கூட்ரோட்டில் ஏறுவேன். பக்கத்து சீட்டில் உன் பை இருக்கும். யார் கேட்டாலும் ‘ஆள் வருது’ என்பாய். எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறாய். அப்புறம் பாண்டிச்சேரியில் மேல்படிப்பு, அதற்கப்புறம் கடலோரத்து அணு ஆராய்ச்சி நிலையம். நீ முதலில் போனாய், அடுத்த வருஷம் நான். உன் நைனா நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே போய்விட்டார். அம்மாதான் மல்லாட்டை மில்லில் கடலை உடைக்கும் வேலை பார்த்து உன்னையும் உன் தங்கை செல்வியையும் வளர்த்தார். பொம்பளைப் பிள்ளையை இன்னும் எத்தனை வருஷம் படிக்க வைப்பாய் என்று உன் மாமா கத்தியபோது, “அது போற வரைக்கும் போவட்டும்” என்று சொல்லிவிட்டு மில்லுக்குக் கிளம்பிப் போனாராம். இதை என்னிடம் சொல்லும்போதெல்லாம் நீ அம்மாவின் நடையையும் நடந்து காட்டுவாய்.

அணு உலைக்குள் இருக்கும் எஃகைப் பற்றி முதன்முதலில் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னதும் நீதான். நான் அதற்குள் புத்தகங்களில் படித்திருந்தேன். ஆனாலும் புரிந்தது உன் வாயால். உலையில் நியூட்ரான்கள் ஓயாமல் எஃகை மோதுகின்றன. அந்த அடியில் உள்ளேயே ஹீலியம் பிறக்கிறது. ஹீலியம் யாரோடும் சேராத வாயு. எஃகுக்குள் அதற்கு இடம் கிடையாது. இரும்பணு ஒன்று இடம்பெயர்ந்து காலியான இடம் எங்கே என்று தேடிப்போய் அதில் உட்கார்ந்துகொள்கிறது. ஒன்று உட்கார்ந்த இடத்துக்கு இன்னொன்று வருகிறது. கண்ணுக்குத் தெரியாத குமிழியாகிறது. எஃகு என்பது பொடிப்பொடியான படிகங்கள் ஒட்டி உண்டானது. அந்தப் படிகங்களின் எல்லைகளில் குமிழிகள் வரிசையாகப் போய் நின்றுவிட்டால், நேற்றுவரை உறுதியாக இருந்த குழாய் காய்ந்த சுள்ளி மாதிரி ஒடியும். இது நடக்க வருஷக்கணக்கில் ஆகும், நடக்கும்போது யாரும் உள்ளே போய்ப் பார்க்கவும் முடியாது. அதனால் நீ லட்சக்கணக்கான இரும்பணுக்களைக் கணினிக்குள் அடுக்கி, ஒன்று இன்னொன்றை எப்படி இழுக்கும் எப்படித் தள்ளும் என்று சொல்லிக்கொடுத்து, நடுவே ஹீலியத்தைப் போட்டு, என்ன ஆகிறது என்று பார்த்தாய்.

“மேல்மலையனூரு அமாவாசை பஸ்தான்டி. ரெண்டு பேர் சீட்ல அஞ்சு பேர் உக்காந்தா சீட்டு இன்னா ஆவும்?” என்று சொல்லிச் சிரிப்பாய்.

வெளியூரிலிருந்து வந்த ஒரு பெரிய நிபுணர், இந்த வாயு ஏன் எல்லைக்குத்தான் போகிறது என்று உன்னைக் கேட்டார். ஆங்கிலத்தில் அழகாகப் பதில் சொன்னாய். திரும்பி நடந்து வரும்போது என்னிடம், “ஊருக்குள்ள இடம் குடுக்கலன்னா எல்லையிலதான போய் உக்காரணும்?” என்றாய். நீ சிரித்துக்கொண்டே சொன்னாய், எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் காலனி ஏரிக்கரைக்கு அந்தப்பக்கம், மலையடியில். எங்கள் வீடு ஊர் நடுவே, சமண மடத்துக்குப் பக்கத்துத் தெருவில்.

பிறகு வந்தது நம் சண்டை. உன் கணக்கு சரியா என்று பார்ப்பது என் வேலை. மெல்லிய எஃகுத் தகட்டில் துகள்முடுக்கியைக் கொண்டு ஹீலியத்தைச் செலுத்தி, சூடாக்கி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பேன். நீ கணக்கில் கண்டதும் நான் கண்ணால் கண்டதும் ஒன்றானால், அந்த எஃகை எந்தச் சூடு வரை நம்பலாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாம். ஒன்றாகவில்லை. குறைந்த சூட்டிலேயே குமிழிகள் எல்லைக்குப் போய்விடுகின்றன என்றது உன் கணக்கு. என் தகட்டில் அவை படிகங்களுக்குள்ளேயே அங்கங்கே சிதறிக் கிடந்தன. உன் அணுக்களுக்குச் சுறுசுறுப்பு அதிகம் என்றேன் நான். என் தகடு மெல்லிசு, அது பொய் சொல்கிறது என்றாய் நீ. கேன்டீனில், வேனில், செஞ்சிக்கு வரும் பஸ்ஸில் எல்லாம் இதே பேச்சு. இரண்டுக்கும் நடுவாக ஒரு சூட்டைப் போட்டு அறிக்கையை முடியுங்கள் என்றார் பிரிவுத் தலைவர். நீ முடியாது என்றாய். “ரெண்டுல ஒண்ணு தப்பு, சார். எதுன்னு தெரியாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்.” அவர் என் பக்கம் திரும்பினார். நானும் போட மாட்டேன் என்றேன். அன்றைக்கு நீ கேன்டீனில் எனக்கு இரண்டு வடை வாங்கித் தந்தாய்.

அந்த ஆடியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. வந்தது விடவில்லை. முழங்கையில் இடித்துக்கொள்ளாமலே கன்றிப்போன மாதிரி நீலம் படர்ந்திருந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் ரத்தப் புற்று என்றார்கள். நீ டாக்டரிடம் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டாய், ஏதோ வேறொருத்தியின் நோயைப் பற்றிக் கேட்கிற மாதிரி. வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டு, “அம்மாகிட்ட எப்படிச் சொல்றது?” என்று மட்டும் கேட்டாய்.

செய்தி செஞ்சிக்கு நமக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. அணுவில் வேலை பார்த்தாள் அல்லவா, அதுதான் வந்துவிட்டது என்று காலனியில் பேசினார்கள். மில்லில் பேசினார்கள். எங்கள் ஊரிலும் பேசினார்கள். முட்டாள்தனம் என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. கடுமையான கதிர்வீச்சு பட்டவர்களுக்கு இந்த நோய் வரக்கூடும் என்பது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். ஆனால் நீ கதிர்வீச்சு இருக்கும் கட்டடத்துக்குள் காலெடுத்து வைத்ததே இல்லை. நீ உட்கார்ந்திருந்தது ஒரு நாற்காலியில். உன் எதிரே இருந்தது ஒரு திரை. உன் ஹீலியம், உன் எஃகு, உன் உலை எல்லாமே எண்கள்.

அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ மடிக்கணினியைத் திறந்து குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருப்பாய். அம்மா முந்தானையால் உன் முகத்தை மறைப்பார். ஒருநாள் அதை வாங்கி, துணியில் சுற்றி, வராந்தாவில் கொண்டுபோய் வைத்துவிட்டார். “இந்தப் பொட்டிதான் எம்பொண்ணைத் தின்னுது” என்று நர்ஸிடம் சொன்னார். அதற்குப் பிறகு நீ அதைத் திறக்கவில்லை. நான் வரும்போது மட்டும், கணக்கு எங்கே வந்து நிற்கிறது என்று ஜாடையில் கேட்பாய். நான் விரல்களால் காட்டுவேன்.

அம்மா குளிக்கப் போயிருந்த ஒரு மதியம் நீ என்னிடம் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன். “பத்து,” என்றாய், என் பெயரைச் சுருக்கி. “அம்மா என்னைப் படிக்க வெச்சதாலதான் நான் சாவறேன்னு நெனைக்குது. மாமா சொன்னதைக் கேட்டிருக்கலாம்னு நெனைக்குது. நான் சொன்னா நம்ப மாட்டேங்குது. செல்வியையும் நிறுத்திடும். நீ விடாத.” செல்வி அப்போது திண்டிவனத்தில், நாம் படித்த அதே இயற்பியல் வகுப்பில் இரண்டாம் வருஷம். நான் சரி என்றேன். அதற்கு மேல் நீ அழுத்திக் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே யாரோ இளநீர் வெட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாய்.

தை பிறந்து சில நாளில் நீ போனாய். மலையடியில், உங்கள் நைனாவுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். நிலையத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தோம். கூட்டத்தில் ஒருவர் எங்கள் மார்பில் இருந்த அடையாள அட்டைகளையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பலர் எங்களை விட்டுத் தள்ளியே நின்றார்கள். எங்கள் உடம்பில் ஏதோ ஒட்டியிருக்கிற மாதிரி.

நீ பயந்தபடியே ஆயிற்று. பொங்கல் விடுமுறைக்குப் பிறகு செல்வி கல்லூரிக்குப் போகவில்லை. மாமா வரன் பார்க்கத் தொடங்கினார். வந்த ஒரு வரனும், அக்காவுக்கு அணு நோய் என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் திரும்பிப் போயிற்று. இதெல்லாம் செல்வி போனில் சொன்னது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் செஞ்சிக்கு வந்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து உங்கள் வீட்டுக்கு நடந்துபோகும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நீ முன்னால் போய்க்கொண்டிருந்தாய். ராஜகிரி மலையின் நிழல் ஏரியில் கிடந்தது. பக்கத்தில் நீ இல்லாமல் அந்தக் கரைமேல் நான் நடந்தது அதுதான் முதல் தடவை.

அம்மா கல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கொடுத்தார். சாப்பிடச் சொன்னார். நான் உன் வேலையைப் பற்றிச் சொன்னேன், கணக்கு, திரை, குமிழி என்று தெரிந்தவரையில் எளிமையாக. கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டார்.

“நீ இன்னா வேலை பாக்கறே?”

நான் முடுக்கியில் வேலை பார்க்கிறேன், வாயுவைத் தகட்டில் செலுத்துகிறேன் என்றேன்.

“அங்க அந்தக் கதிர் இருக்குதா?”

இருக்கிறது, ஆனால் பாதுகாப்பு உண்டு என்றேன்.

“கதிருக்குப் பக்கத்துல நின்னவ நீ. அவ பொட்டி முன்னாடி உக்காந்தவ. நீ இருக்கே. அவ இல்ல. இது இன்னா கணக்கும்மா?”

கோபத்தில் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். இந்த நோய் சிலருக்கு ஏன் வருகிறது என்று டாக்டர்களுக்கே தெரியாது என்று ஏதோ சொன்னேன். நான் கிளம்பும்போது, “அவ உக்காந்த எடத்தை எனக்குக் காட்டு” என்றார்.

அனுமதி வாங்க நாளாயிற்று. அம்மாவும் செல்வியும் ஒரு காலை நேரத்தில் வந்தார்கள். அம்மா பச்சைக் கரை போட்ட சேலையில், நீ முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. வெளியாட்கள் என்பதால் வாசலில் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். உன் அறைக்குக் கூட்டிப்போனேன். நாற்காலியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அதில் உட்கார்ந்தார். கால் தரையில் எட்டவில்லை. மேஜையை, ஜன்னலை, ஜன்னலுக்கு வெளியே சவுக்குகளைப் பார்த்தார். ஏசி குளிருக்கு முந்தானையைப் போர்த்திக்கொண்டு, “இங்க குளுரு ஜாஸ்தியா இருக்குதே, அவ சொல்லவே இல்ல” என்றார். நான் உன் கணக்கை ஓட்டிக் காட்டினேன். இரும்பணுக்கள் சாம்பல் நிறம், ஹீலியம் மஞ்சள். மஞ்சள் புள்ளிகள் ஒன்றையொன்று தேடிச் சேர்வதை அவர் கண்கொட்டாமல் பார்த்தார். இதில் நெருப்பு இல்லை, வாயு இல்லை, ஒன்றும் வெளியே வராது, படம்தான் என்றேன்.

அப்போதுதான் என் மார்பில் குத்தியிருந்த இன்னொரு சின்ன அட்டையைக் காட்டி அது என்ன என்று கேட்டார். இது எங்கள்மேல் எவ்வளவு கதிர் பட்டது என்று பார்ப்பதற்கு, கொஞ்ச நாளுக்கொருமுறை வாங்கிக்கொண்டுபோய் அளப்பார்கள் என்றேன். அவளுடையது எங்கே என்றார். அவளுக்குக் கொடுக்கவில்லை, தேவைப்படவில்லை என்றேன். சொல்லி முடிப்பதற்குள்ளேயே அந்த வார்த்தைகள் அவர் காதில் எப்படி விழுகின்றன என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“உனக்குக் குடுத்தாங்க. எம்பொண்ணுக்குக் குடுக்கலையா?”

அந்தக் கேள்விக்குள் இந்த நிலையம் மட்டும் இல்லை. வேறு எத்தனையோ மூடிய வாசல்கள் இருந்தன. நான் என்ன சொன்னாலும் அது மேல்சித்தாமூர் வீட்டுப் பெண் சொல்கிற சமாதானமாகத்தான் இருக்கும். செல்விதான் அம்மாவின் பக்கத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்து பேசினாள். “எம்மா, அது காப்பாத்தறது இல்ல. காய்ச்சல் பாக்கற குச்சி மாதிரி. அளக்கறதுதான். இங்க அளக்க ஒண்ணும் இல்லன்னு குடுக்கல.” அம்மா, ஒன்றும் இல்லை என்று யார் அளந்து பார்த்தது என்று கேட்டார். செல்வி என் பக்கம் திரும்பினாள். “அக்கா, ஒண்ணு இங்க மாட்டலாமா? ஒண்ணு எங்க வூட்ல. ரெண்டையும் பாத்துடலாம்.”

அந்த நிமிஷம் நீயே பேசுவது போலிருந்தது. குரல் செல்வியுடையது, உட்கார்ந்திருந்த விதம்கூட அவளுடையது, கேள்வி உன்னுடையது.

பாதுகாப்புப் பிரிவில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருந்தார். சுற்றுவட்டாரத்து ஊர்களில் மாட்டி வைத்து அளக்கிற வகைச் சில்லுகள் இரண்டை முறைப்படி வாங்கித் தந்தார். ஒன்று உன் நாற்காலியின் முதுகில். இன்னொன்று செஞ்சியில், நீ படுத்து எழுந்த அறையில், கல் சுவரில் ஆணியடித்து. செல்வி அதை மாட்டினாள். பங்குனி, சித்திரை, வைகாசி என்று வெயில் ஏறி இறங்கும்வரை அவை தொங்கின. அதுவரை வரன் பேச்சை எடுக்க வேண்டாம் என்று அம்மா மாமாவிடம் சொல்லிவிட்டாராம். எனக்கு அந்த நாற்காலியைக் கடந்து போவதே கஷ்டமாயிருந்தது. காற்றில் அந்தச் சில்லு லேசாகத் திரும்பும். யாரோ இப்போதுதான் எழுந்து போனது போல இருக்கும்.

முடிவு வந்தபோது நான் பயந்துபோனேன். உன் அறையில் ஒன்றுமில்லை. எந்த ஊரிலும் எந்த மனிதர் மேலும் படுகிற இயற்கையான அளவுதான். ஆனால் செஞ்சி வீட்டில் அதைவிடக் கூடுதல். ஆபத்தில்லை, கருங்கல் இருக்கும் இடத்தில் எல்லாம் இப்படித்தான் என்றார் பாதுகாப்புப் பிரிவு நண்பர். உங்கள் வீட்டுச் சுவர் மலையடியில் உடைத்த கல். பின்னால் நிற்பது முழுக் கருங்கல் மலை. கல்லுக்குள் பிறவியிலேயே கொஞ்சம் கதிர் உண்டு. எனக்கு இது பாடம். ஆனால் உன் அம்மாவிடம் போய், உன் மகள் வேலை பார்த்த இடத்தைவிட நீ அவளை வளர்த்த வீட்டில் அதிகம் என்று எப்படிச் சொல்வது? அறையின் எண்ணை மட்டும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. செல்வியைப் பஸ் ஸ்டாண்டில் சந்தித்துக் காட்டினேன். தாளை இரண்டு முறை படித்தாள். மறைத்தால் அம்மா எப்படியும் கண்டுபிடித்துவிடும், அப்புறம் எதையும் நம்பாது, முழுசாகச் சொல்லிவிடலாம் அக்கா என்றாள்.

அவளே சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அம்மா முறத்தில் மல்லாட்டை உடைத்துக்கொண்டே கேட்டார். வீட்டில் கூடுதல் என்ற இடம் வந்ததும் கை நின்றது.

“அவ எடத்தைவிட எங்க வூட்லதான் ஜாஸ்தின்றே.”

“கொஞ்சம்தாம்மா. கல்லுல எப்பவும் இருக்கறது.”

திரும்பி மலையைப் பார்த்தார்.

“இந்தக் கல்லுக்கு நடுவுலதான் நான் பொறந்தேன். இங்கயேதான் வாக்கப்பட்டேன். என்னை ஒண்ணும் பண்ணலையே. இந்தத் தெருவுல யாரையும் ஒண்ணும் பண்ணலையே.” என் பக்கம் திரும்பினார். “இதைவிடக் கம்மியா இருக்கற பொட்டி இன்னா பண்ணியிருக்கும்?”

செல்வி ஒன்றும் பண்ணியிருக்காது என்று தலையசைத்தாள்.

“அப்ப யாருமே பண்ணல.”

நீ போன அன்று உன் அம்மா அழவில்லை. எல்லாரையும் பார்த்துக்கொண்டே இருந்தார், அவ்வளவுதான். இப்போது அழுதார். முறம் சரிந்து பருப்பு தரையெல்லாம் சிதறியது. “இத்தினி நாள் அது மேல போட்டு வெச்சிருந்தேன். இனிமே எங்கம்மா போடுவேன்?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். நீ கேட்டதை நான் செய்துவிட்டேன் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இருந்த ஒரு பிடிமானத்தையும் அவரிடமிருந்து பறித்துவிட்டோம் என்றுதான் தோன்றியது. பழி சுமத்த ஒரு பெட்டியாவது இருந்தது. அதுவும் இல்லை என்று ஆக்கிவிட்டோம்.

ஆனால் கல்லூரி திறந்ததும் செல்வி போனாள். மாமா வந்து கத்தியிருக்கிறார். அம்மா பதில் சொல்லாமல் மில்லுக்குப் போய்விட்டாராம். விட்டுப்போன பாடங்களை எழுதித் தேறி, செல்வி இப்போது பாண்டிச்சேரியில் மேல்படிப்பு. கணக்குப் பக்கம் போகவில்லை, அளக்கிற பக்கம் போகிறாள். அம்மா இன்னும் சில சமயம் போன் செய்து, வேறு ஏதோ பேசிவிட்டு, நடுவில் கேட்பார்: “அவ அறையில இப்ப யாரு இருக்காங்க?” நான் சொல்வேன். அவர் சரி என்று வைத்துவிடுவார். ஒருமுறை, ஏசியைக் கொஞ்சம் குறைத்து வைக்கச் சொல், பாவம் என்றார்.

உன்னிடம் சொல்ல இன்னொன்று இருக்கிறது. போன மழைக்காலத்தில் நம் தகடுகளை மறுபடி எடுத்தேன். நீ கத்திக்கொண்டே இருந்தாயே, அதுக்கு நேரம் கொடு, நேரம் கொடு என்று. கொடுத்தேன். சூடேற்றும் உலையில் வைத்து, பொறுமையாகக் காத்திருந்து, பிறகு நுண்ணோக்கியில் பார்த்தேன். படிகத்துக்குள் எங்கும் வெறுமை. எல்லைக்கோட்டில் மட்டும், ஒன்றன்பின் ஒன்றாக, குமிழிகள். உன் திரையில் நான் பார்த்த அதே வரிசை. பார்த்த வேகத்தில் போனை எடுத்துவிட்டேன். உன் எண் இன்னும் அதில் இருக்கிறது. விரல் அதன் மேல் போய் நின்ற பிறகுதான் நினைவு வந்தது.

ஆனால் சூடு ஒத்துவரவில்லை. நீ சொன்னதைவிடக் கொஞ்சம் மேலேதான் அவை எல்லைக்கு வந்தன. பாதி நீ சரி, பாதி நான். பிரிவுக் கூட்டத்தில் படங்களை வைத்தேன். இப்போதிருக்கும் தலைவர் நல்லவர். அப்படியானால் அந்தக் கணக்கில் பிழை என்று ஒரு வரி எழுதி அறிக்கையை முடித்துவிடலாமே என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இத்தனை வருஷமாக நான் சொல்லி வந்ததும் அதுதான். சரி என்று சொல்லத்தான் எழுந்தேன்.

நான் சொன்னது வேறு. என் தகடு மிக மெல்லியது. வாயு மேற்பரப்பு வழியாக வெளியேறிவிடும், எல்லைக்குப் போய்ச் சேரக் கொஞ்சமே மிஞ்சும். நிஜக் குழாய் தடிமனானது, அதில் வாயுவுக்கு வெளியேற வழியில்லை. அதனால் அந்தக் குறைந்த சூடே சரியாக இருக்கலாம். தடித்த தகட்டில் செய்து பார்க்காமல் கணக்கைப் பிழை என்று எழுதக்கூடாது என்றேன். மேஜையைத் தட்டிக்கூடப் பேசினேன் என்று பிறகு சொன்னார்கள். அந்த வரி எழுதப்படவில்லை. தடித்த தகடுகள் தயாராகிக்கொண்டிருக்கின்றன. அவை உன் பக்கம் சொல்லுமா என் பக்கம் சொல்லுமா, எனக்குத் தெரியாது.

கூட்டம் முடிந்து தனியாக வராந்தாவில் நடந்து வந்தபோதுதான் உறைத்தது. அங்கே நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூட என்னுடையது இல்லை. எல்லாம் பஸ்ஸிலும் கேன்டீனிலும் நீ என்னிடம் சொல்லிச் சொல்லி, நான் ஒப்புக்கொள்ளாமல் வைத்திருந்தது. நம் சண்டையில் உன் பக்கத்தை நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். என் பக்கத்தைப் பேசத்தான் இப்போது ஆளில்லை.